அந்த அடகுச் சீட்டு பைபிளுக்குள் எதற்கு?

ஒரு சகோதரர் நான்கு பக்கத்துக்குக் கைப்பட எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றி, அவருடைய சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 46 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன், லாரி ஓட்டுகிறேன். 2012-இல் நண்பர்களோடு விளையாட்டாகச் சூதாட்டக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஏழு வருடம் விடமுடியவில்லை. 2018 தொடக்கத்தில் அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலியை, மெருகு போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தேன். மீட்கவே இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் அம்மா தவறிவிட்டார். குளிப்பாட்டிப் புடவை கட்டியபின், ‘அத்தைக்குச் சங்கிலியைப் போட்டுவிடுவோம்’ என்று அண்ணி அலமாரியைத் திறந்தார். நகைக்கடை ரோஸ் காகிதம் மட்டும் மடித்தபடி இருந்தது. சங்கிலி திரும்பி வந்ததும் சுற்றி வைக்க அம்மா அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அதற்கப்புறம் அண்ணன் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவரிடம் தனியாக 12,000 வெள்ளி கடனும் வாங்கியிருந்தேன்.

2019-இல் என் மனைவி விண்ணப்பித்து, சூதாட்டக்கூடத்துக்குள் என்னை விடாதபடி தடை வாங்கினார். அதோடு நின்றது. 2021-இல் ஞானஸ்நானம் எடுத்தேன். நான் மாறிய கதையைச் சபையில் சாட்சியாகச் சொல்ல அடிக்கடி கூப்பிடுகிறார்கள். போன மாதம் சாட்சி சொல்லும்போது ‘எட்டு பவுன் சங்கிலி’ என்று வாயில் வந்துவிட்டது. திருத்தவில்லை.

‘பின்னானவைகளை மறந்து’ என்ற பிலிப்பியர் நிருப வசனத்தைக் காட்டி, பழசை விட்டுவிடுங்கள் பிரதர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. பாவம் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடகுச் சீட்டை இன்னும் பைபிளில் அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அங்கேயே ‘பந்தயப்பொருள்’ என்றும் வருகிறது, அந்த வார்த்தையைப் பார்த்தாலே உடம்பு கூசுகிறது. அண்ணனுக்குப் போன் செய்து ‘ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு’ என்றேன். ‘உன் சாமி மன்னிச்சிருக்கலாம். அம்மா சங்கிலி வந்துடுச்சா?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் அம்மா தெவசம். அது பழைய வாழ்க்கை, போகக்கூடாது என்கிறார் சபை மூப்பர் ஒருவர். இரண்டு வாரத்துக்கு முன் அம்மா இறந்த தேதியை நாலு நம்பர் லாட்டரியில் எழுதினால் என்ன என்று தோன்றியது. எழுதவில்லை. ஜெபித்தேன், போய்விட்டது. எதை விடவேண்டும், எப்படி விடவேண்டும்? விசுவாசத்தில் நான் வளரவே மாட்டேனா?”

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் போகிற போக்கில் கடைசியாக எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறேன். வசனம், அண்ணன், தெவசம் எல்லாம் அதற்கப்புறம்.

அம்மா இறந்த தேதியை நாலு நம்பரில் எழுதலாம் என்று தோன்றியதை ஒரு சின்னச் சபலம்போல எழுதியிருக்கிறீர்கள். குடும்ப ஆலோசகராக இருக்கிற எனக்கு அது அப்படித் தெரியவில்லை. சூதாட்டத்தை விட்டவருக்குக் குற்ற உணர்வு தாங்கமுடியாமல் போகும் நாளில், மனசு பழகிய ஒரே வழியைத்தான் திறந்து காட்டும். பெரிய நம்பர் ஒன்று விழுந்தால் போதும், சங்கிலி வாங்கிக் கொடுத்துவிடலாம், அண்ணன் கடனை ஒரே நாளில் முடித்துவிடலாம், எல்லாரும் பழையபடி ஆகிவிடலாம். விட்டதைப் பிடிக்கப் போவது என்று நீங்களே அந்த நாட்களில் சொல்லியிருப்பீர்கள். முன்பு விட்டது பணம். இப்போது பிடிக்கப் பார்ப்பது அம்மாவை. ஆட்டம் அதேதான்.

உங்கள் மனைவி வாங்கிய தடை நல்ல தடை. சூதாட்டக்கூடத்துக்கான நுழைவுக் கட்டணத்தை 2019 ஏப்ரலில் 100 வெள்ளியிலிருந்து 150 ஆக ஏற்றினார்கள். கட்டணம் ஏறிவிட்டதே என்று நின்றவர் எவரும் என்னிடம் வந்ததில்லை. வீட்டில் ஒருவர் துணிந்து விண்ணப்பம் போட்டதால் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காப்பிக்கடைக்குப் பக்கத்தில் நாலு நம்பர் எழுத நிற்கும் வரிசையை அந்தத் தடை தடுக்காது. குலுக்கல் புதன், சனி, ஞாயிறு. ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே அந்த வரிசை இருக்கும்.

ஆகவே இன்று இரவு இரண்டு காரியம் செய்யுங்கள். தோன்றியதை மனைவியிடம் அப்படியே சொல்லுங்கள். சம்பளம் வரும் கணக்கை இன்னும் கொஞ்ச காலம் அவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவி எண் 1800-6-668-668-ஐக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். ‘ஜெபித்தேன், போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெபியுங்கள். போனும் செய்யுங்கள்.

இனி அந்த வசனம்.

நானும் ஒரு காலத்தில் அதைத் தவறாகக் கையாண்டிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிது. தன் தங்கைக்குச் செய்த துரோகத்தைச் சொல்லி ஒருவர் அழுதுகொண்டிருந்தார். அழுகையைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை. பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார். அடுத்த சந்திப்புக்கு வரவே இல்லை. இவளிடமும் சொல்ல முடியாது என்று முடிவு செய்திருப்பார். அழுகிறவர் கையில் நாம் வசனத்தைத் திணிப்பது, பல நேரம், நம்முடைய சங்கடத்தை முடித்துக்கொள்ளத்தான்.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன வைத்தியர் கதை உங்களுக்குத் தெரியும். மறந்துவிடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவருக்கு ஒரு நாளைக்கு நூறு முறை குரங்கு வரும். அதனால் உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று ஆகாது, மனித மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

அந்த வசனத்தை எழுதிய பவுலே மறந்தாரா என்று பாருங்கள். சபையைத் துன்பப்படுத்தினதை அதே பிலிப்பியர் நிருபத்தில் சொல்கிறார், கலாத்தியருக்கு எழுதுகிறார், தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார், அப்போஸ்தலர் நடபடிகளில் கூட்டத்தின் முன்னும் ராஜாவின் முன்னும் நின்று சொல்கிறார். மறந்தவர் இத்தனை முறை சொல்லமாட்டார். ‘பின்னானவைகள்’ என்பதற்கு முன்னால் அவர் எதைப் பட்டியல் போடுகிறார் என்பதையும் நிதானமாகப் படியுங்கள். எட்டாம் நாளில் விருத்தசேதனமடைந்தவன், பென்யமீன் கோத்திரத்தான், பரிசேயன், நியாயப்பிரமாணத்தின்படி குற்றஞ்சாட்டப்படாதவன். இவற்றில் பெரும்பகுதி அவருடைய அவமானங்கள் அல்ல, மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுந்து நிற்க வைத்த தகுதிகள். ‘எனக்கு லாபமாயிருந்தவைகள்’ என்றே சொல்லி, அவற்றை நஷ்டக் கணக்கில் எழுதுகிறார். பவுல் விட்டது முதலில் தன் பெருமையை.

இதை ஏன் உங்களுக்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்த எட்டு பவுன்.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஐந்து பவுன் எட்டு பவுனாக வளர்ந்த நேரம் எது? நூறு பேர் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம். முன்வரிசையில் யாரோ கண்ணைத் துடைத்திருப்பார்கள், யாரோ அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். இவ்வளவு மோசமானவனை ஆண்டவர் இவ்வளவு மாற்றினார் என்ற கதையில், மோசம் கொஞ்சம் கூடினால் மாற்றமும் கூடுகிறது. அந்தக் கணக்கு உங்களை அறியாமலே உள்ளே ஓடியிருக்கிறது. நீங்கள் கெட்டவர் என்பதால் இல்லை. லாரி ஓட்டுகிற ஒருவருக்குச் சபையில் பெயரும் இடமும் கிடைத்தது அந்தக் கதையால்தான். அது இல்லாவிட்டால் தன்னை யார் கவனிப்பார்கள் என்ற பயம் எவருக்கும் வரும்.

பாவம் உங்களைப் பிடித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு பக்கம் அது உங்களைப் பிடித்திருக்கிறது, உண்மை. மறுபக்கம் நீங்களும் அதைப் பிடித்திருக்கிறீர்கள். பவுலுக்குப் பென்யமீன் கோத்திரம் எப்படியோ, உங்களுக்கு அந்தச் சாட்சி அப்படி ஆகிவருகிறது. உங்கள் அடையாள அட்டை. ‘பின்னானவைகள்’ என்ற சொல் உங்கள் வாழ்க்கையில் முதலில் அதைத்தான் தொடுகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு வருடம் சாட்சி சொல்லாதீர்கள். சபைத் தலைவர்களிடம், அண்ணனோடு ஒரு காரியம் முடியாமல் இருக்கிறது, அது ஒரு வழிக்கு வரும்வரை பேச விரும்பவில்லை என்று சொல்லுங்கள். நல்ல போதகர் புரிந்துகொள்வார். அந்த ஒரு வருடம் நாற்காலி அடுக்குங்கள், பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குங்கள். உங்கள் கதை தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாக மழையைப் பற்றிப் பேசுங்கள். கொஞ்ச நாள் சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.

அண்ணனிடம் வருகிறேன். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ‘சங்கிலி வந்துடுச்சா?’ என்று கேட்டாரே, அது, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி. இயேசு வீட்டுக்கு வந்தார், சகேயு சந்தோஷப்பட்டான், எல்லாரும் பாட்டுப் பாடினார்கள் என்று லூக்கா அங்கே நிறுத்தவில்லை. அவன் எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான்: ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்.’ திருடின ஆட்டுக்குப் பதில் நாலு ஆடு என்பது யாத்திராகமத்தில் உள்ள பழைய சட்டம். அவன் தன்னைத் திருடன் வரிசையிலேயே நிறுத்திக்கொண்டு பணத்தை எடுக்கிறான். மலைப்பிரசங்கத்திலும், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்றுதான் இருக்கிறது. ‘சகோதரனுக்குப் போன் செய்து, நான் காணிக்கை செலுத்திவிட்டேன், நீ சமாதானமாகு என்று சொல்’ என்று இல்லை. உங்கள் அண்ணன் சபைக்கே போகாதவர். இந்த விஷயத்தில் நம்மில் பலரைவிட வேதத்துக்குக் கிட்டத்தில் நிற்கிறார்.

‘ஆண்டவர் மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துவிடு’ என்ற வாக்கியத்தை அவர் காதால் கேட்டுப் பாருங்கள். இழந்தது அவர். ஒப்பந்தம் முடிந்தது அவரில்லாத இடத்தில். கையெழுத்து மட்டும் இங்கே போடு என்று நீட்டினால் யாருக்குமே எரிச்சல் வரும்.

அப்படியென்றால் தேவன் மன்னித்தது பொய்யா? இல்லை. அதை நான் ஒரு நொடிகூட அசைக்கவில்லை. அந்த மன்னிப்பு இருப்பதால்தான் நீங்கள் அண்ணன் முன்னால் தரையில் விழாமல் நிற்கமுடியும். ஆலோசனை அறையில் இரண்டு விதமான வலியைப் பார்க்கிறோம். ‘நான் செய்தது தப்பு’ என்று ஒருவர் சொல்வார். அவரால் அதைச் சரிசெய்ய ஏதாவது செய்யமுடியும். ‘நானே தப்பு’ என்று இன்னொருவர் சொல்வார். அவர் ஒளிவார், குடிப்பார், மறுபடி ஆடுவார். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டு பக்கம் முதல் வகை, கடைசி இரண்டு பக்கம் இரண்டாம் வகை. மன்னிப்பு என்று நாம் பிரசங்கிப்பது இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு உங்களை இழுத்து வருவதற்குத்தான்.

சரி, பணம். அடகுக்கடையில் ஆறு மாதத் தவணை எப்போதோ முடிந்துவிட்டது, அந்தச் சங்கிலி உருகி யார் கையில் வளையலாகக் கிடக்கிறதோ. 2018-இல் இருந்த தங்க விலை இன்று இல்லை என்பது தேக்காவில் நகைக்கடை வாசலைத் தாண்டி நடப்பவர்களுக்கே தெரியும். ஐந்து பவுன், அதாவது 40 கிராம், இன்று வாங்க உங்களைப் போன்ற சம்பளக்காரருக்குப் பெரிய தொகை. அதை ஒரே மூச்சில் வாங்க நினைக்காதீர்கள். நாலு நம்பர் எண்ணம் புறப்படும் இடம் அதுதான். சகேயு பணக்காரன், ஒரே நாளில் கொடுத்தான். நீங்கள் மாதாமாதம் கொடுப்பீர்கள்.

முதலில் 12,000. மனைவியோடு உட்கார்ந்து வீட்டுச் செலவு, பிள்ளையின் கட்டணம் எல்லாம் எழுதி, மிஞ்சுவதில் மாதம் எவ்வளவு அண்ணனுக்கு அனுப்ப முடியும் என்று பாருங்கள். 200 வெள்ளி என்றால் ஐந்து வருடம். 150 என்றால் ஆறு வருடம் எட்டு மாதம். மனைவி சம்மதிக்கும் எண்ணாக இருக்கட்டும். ஏழு வருடம் உங்கள் ஆட்டத்துக்கு ஏற்கெனவே செலவழித்தவர் அவர், இப்போது உங்கள் மனந்திரும்புதலுக்கும் அவரைக் கேட்காமல் செலவழிக்க வைக்காதீர்கள். சம்பளம் விழும் மறுநாள் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். பணத்தோடு வசனம் அனுப்பாதீர்கள். ‘கடன், மாதம் 1’ என்று மட்டும் போடுங்கள். அடுத்த மாதம் 2. அண்ணன் பதில் போடமாட்டார். முதல் மாதம் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார். அனுப்பினால் தனிக் கணக்கில் போட்டு வைத்து, அடுத்த மாதம் மறுபடி அனுப்புங்கள். பத்தாவது மாதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்பது அவர் காரியம்.

பணம் போகத் தொடங்கிய பின் ஒரு கடிதம் எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நீங்கள் அழுவீர்கள், அவர் உங்களைத் தேற்றவேண்டிய நிலை வரும். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“அண்ணே, மெருகு போடணும்னு அம்மாகிட்ட பொய் சொல்லிச் சங்கிலியை வாங்கினேன். அடகு வச்சுச் சூதாடினேன். அம்மாவுக்குத் தெரியாமலே போச்சு. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அண்ணி அந்தக் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கும்படி ஆச்சு. உன் பணம் 12,000 மாசாமாசம் வரும். அது முடிஞ்சதும் அம்மா சங்கிலி எடைக்குத் தங்கம் சேர்த்து அண்ணிகிட்டக் கொடுப்பேன். நீ பதில் எழுதணும்னு இல்லை.”

இதில் ‘மன்னித்துவிடு’ இல்லை, கவனித்தீர்களா? ஆண்டவரும் இல்லை. மன்னிப்பு கேட்பதுகூட சில சமயம் அடுத்தவரிடம் ஒன்றை வாங்கப் போவதுதான். இந்த முறை எதையும் வாங்காமல் போங்கள். அண்ணியைப் பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள். இத்தனை வருடமாக அந்தக் காகிதத்தை மறக்கமுடியாமல் இருப்பவர் நீங்கள் மட்டும் என்று நினைக்கிறீர்கள்.

அம்மாவுக்கு இனி திருப்பிக் கொடுக்க முடியாது. இதற்கு என்னிடம் வழி கிடையாது. இருப்பதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மண்டாயில் தகனம் முடிந்து வந்தபிறகு பிள்ளைகள் என்னிடம் சொல்வதில் பாதி இதுதான், இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று. அந்த வலி அப்படியே இருக்கும். பழகும். அண்ணன்மார் விற்றுவிட்ட யோசேப்பு எகிப்தில் தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தான், தகப்பன் வீட்டையெல்லாம் தேவன் மறக்கப்பண்ணினார் என்று சொல்லி. பிள்ளையைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டேன், மறந்துவிட்டேன் என்று நினைவுபடுத்திக்கொண்டிருந்திருப்பான், பாவம். அடுத்த அதிகாரத்தில் அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நிற்கிறார்கள், அவன் ஒதுங்கிப் போய் அழுகிறான். அழுதவனை அவிசுவாசி என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

தெவசம். நான் போதகர் இல்லை, குடும்ப ஆலோசகர். சடங்குகளைப் பற்றி உங்கள் போதகரோடு பேசுங்கள், மூப்பரோடு மட்டும் நிறுத்தாதீர்கள். என் கருத்தைக் கேட்டால், போங்கள். சூதாட்டம் உங்கள் பழைய வாழ்க்கை. அம்மா உங்கள் பழைய வாழ்க்கை இல்லை. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளை ஞானஸ்நானத்தோடு காலாவதி ஆகவில்லை. இந்த ஊரில் ஒரே வீட்டில் ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் சபைக்கும் போவது நமக்குப் புதிதா என்ன? ஒரே புளோக்கில் கீழ்த்தளத்தில் இன்றைக்குச் சீனர் வீட்டு இறுதிச்சடங்கு, நாளைக்கு மலாய்க் கல்யாணம் நடக்கிற ஊர் இது. எதில் நிற்பது, எதில் தள்ளி நிற்பது என்று நாம் தினமும் பழகிக்கொண்டேதான் இருக்கிறோம். விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து சபையிலும் சண்டை வந்தது. பவுல் ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதிவிடாமல், மனச்சாட்சியையும் பக்கத்தில் இருப்பவரையும் பார்த்து நடக்கச் சொன்னார்.

முன்கூட்டியே அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘வருகிறேன். படையல் நேரத்தில் வெளியே நிற்பேன், தப்பாக நினைக்காதே. சாமான் ஏதாவது வாங்கவேண்டுமா?’ வரவேண்டாம் என்று சொன்னால் போகாதீர்கள், வருத்தப்பட்டுப் பதில் எழுதாதீர்கள். பதிலே வராவிட்டால் போங்கள். சீக்கிரம் போய் மேசை நகர்த்தவோ, பெரிய சட்டியைத் தூக்கவோ கை கொடுங்கள். அங்கே சாட்சி சொல்லாதீர்கள். ஒரு வார்த்தைகூட.

‘பந்தயப்பொருள்’ உங்களைக் கூசவைப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நம் தலைமுறைக்குப் பந்தயம் என்றாலே குதிரைதான். கிராஞ்சித் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ஓட்டம் நடந்து அதுவும் மூடியாகிவிட்டது. பவுல் சொல்வது ஓட்டப்பந்தயம். அதில் பரிசு ஓடுகிறவனுக்கு. வெளியே நின்று பணம் கட்டிவிட்டு இன்னொருவன் ஓட்டத்தில் லாபம் பார்ப்பவனுக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் வாழ்க்கையில் முதல்முறையாக இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள். பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டாதே என்ற உவமையையும் யாராவது சொல்லியிருப்பார்கள். லாரியைப் பின்னுக்கு எடுத்து இறக்குமேடையில் ஒட்டி நிறுத்துகிறவரிடம் போய்ச் சொல்ல அவர்களுக்கு எப்படி மனம் வந்ததோ. அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் உங்கள் வேலை நடக்குமா?

பேதுருவை ஒருமுறை படியுங்கள், யோவானில். பிரதான ஆசாரியன் முற்றத்தில் குளிர்காயக் கரிநெருப்பு போட்டிருந்தார்கள், அங்கே நின்றுகொண்டுதான் இயேசுவைத் தெரியாது என்றான். கடைசி அதிகாரத்தில் இயேசு கரையில் மீன் சுடுகிறார், அதுவும் கரிநெருப்பு. மூலமொழியில் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில் மட்டும் வருகிறது. பேதுருவுக்கு அந்தப் புகை வாசனை என்ன செய்திருக்கும்? மறந்துவிடு என்று இயேசு சொல்லவில்லை. அதே நெருப்பைப் போட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார். ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்.’ கேள்வி அதற்கப்புறம்தான், மறுதலித்தது எத்தனை முறையோ அத்தனை முறை.

அடகுச் சீட்டைக் கிழிக்கவா, எரிக்கவா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். எரித்தால் அதுவும் ஒரு சாட்சிக் கதையாகிவிடும். பைபிளிலிருந்து எடுத்துவிடுங்கள், அந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களைப்போலப் படிக்க உங்களால் முடியவேண்டும். ஒரு சின்ன நோட்டு வாங்கி, அண்ணனுக்கு அனுப்பும் பணத்தை மாதவாரியாக அதில் எழுதுங்கள். சீட்டு அந்த நோட்டின் பின்னட்டையில் இருக்கட்டும். சங்கிலி கடன் முடிகிற அன்று அதை என்ன செய்வது என்று அண்ணியைக் கேளுங்கள்.

தெவசத்தன்று யாரும் உங்களிடம் சரியாகப் பேசமாட்டார்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் அண்ணி ஒரு காப்பியை உங்கள் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனால், சீனி போதவில்லை என்றாலும் கேட்காமல் குடியுங்கள்.